அம்மாயியின் பூனைக்கண்ணும் நாலு சதவீதமும்

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். வயது 54. அம்மாவுக்கு 79. அம்மாவைப் பெற்ற எங்கள் அம்மாயி ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டின் லயன் (தொழிலாளர் வரிசை) வீட்டில் 1922 வாக்கில் பிறந்தவர். சிவந்த நிறம், பூனைக்கண். அவருடைய அப்பா எஸ்டேட் துரை என்று வீட்டில் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். அம்மாயியின் அம்மா அதே எஸ்டேட்டில் பழம் பறித்தவர். அவர் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் என் மகன் விளையாட்டாக டிஎன்ஏ சோதனை செய்துகொண்டான். 4 சதவீதம் வடமேற்கு ஐரோப்பா, மீதி தென்னிந்தியா, தாய்வழிக் குழு எம்2 என்று வந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஒருவர் 41 சென்டிமார்கன் அளவுக்கு உறவு என்றும் காட்டுகிறது. அம்மாவுக்கும் செய்து பார்க்கலாம் என்கிறான். தாய்மாமாவோ "செத்துப்போனவங்களை எதுக்குத் தோண்டறீங்க" என்று சத்தம் போடுகிறார். இந்த 4 சதவீதத்தை நம்பலாமா? அம்மாவுக்குச் செய்யலாமா? அம்மாயியின் அம்மா எந்த ஊர், என்ன சாதி என்பது இதில் தெரியுமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சேலம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் ஒரு தாளை எடுத்துப் படம் போட்டேன். மரபணு ஆலோசகர்களின் பழக்கம் அது. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், திருமணத்துக்கு ஒரு கோடு, சொந்தத்துக்குள் கல்யாணம் என்றால் இரட்டைக் கோடு. (அத்தை மகன், மாமன் மகள், அக்காள் மகள் என்று சேலத்தில் இரட்டைக் கோடு போட்டே என் பேனா தீர்ந்துவிடும்.) உங்கள் படத்தின் உச்சியில் ஒரு சதுரம், ஒரு வட்டம். நடுவில் எந்தக் கோடு போடுவது என்று தெரியாமல் புள்ளி வைத்து விட்டிருக்கிறேன். சதுரத்துக்குள் "துரை?" என்று எழுதினேன். வட்டத்துக்குள் எழுத எதுவுமே இல்லை. உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்த வட்டம்தான்; அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் கணக்கு. துரை முழு வெள்ளைக்காரர் என்றால் அம்மாயிக்கு 50 சதவீதம். உங்கள் அம்மாவுக்கு 25 வாக்கில். உங்களுக்கு 12½. மகனுக்கு 6¼. இதில் அம்மாயியின் 50 மட்டும்தான் கறாரான எண், மற்றதெல்லாம் சராசரி. ஒரு தாய் தன் பீரோவில் இருக்கிற புடவைகளில் பாதியை மகளுக்குக் கொடுக்கிறாள் என்று வையுங்கள். பாதி என்பது உறுதி. அந்தப் பாதிக்குள் தன் தாய் வீட்டிலிருந்து வந்த புடவை எத்தனை, மாமியார் கொடுத்தது எத்தனை என்று அவள் எண்ணிக் கொடுப்பதில்லை; கைக்கு வந்ததை எடுத்துக் கொடுக்கிறாள். அதனால் 6¼ எதிர்பார்க்கிற இடத்தில் 4 வருவது சாதாரணம். 9 வந்திருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

அந்த 4 நிஜமா என்பது அடுத்த கேள்வி. மகனின் டிஎன்ஏவில் எங்கேயும் "ஐரோப்பா" என்று அச்சடித்திருக்காது. இன்ன வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறோம் என்று சொன்ன ஆட்களின் மாதிரிகளைக் கம்பெனி சேர்த்து வைத்திருக்கிறது. சோதனைக்கு வந்த எச்சிலை அதோடு ஒப்பிட்டு, எது எதற்குக் கிட்ட இருக்கிறது என்று சொல்கிறது. நான்கூட ஆசைக்கு இரண்டு இடங்களில் கொடுத்துப் பார்த்தேன். ஒரு கம்பெனி தென்னிந்தியா என்று முடித்துக்கொண்டது. இன்னொன்று இலங்கையையும் சேர்த்தது. என் வம்சத்தில் ராமேஸ்வரம் தாண்டிப் போனவர் யாரும் கிடையாது. தமிழா, தெலுங்கா, இலங்கையா என்று பக்கத்துப் பக்கத்து மக்களைப் பிரிப்பதில் இந்தச் சோதனைகள் இன்னும் தடுமாறும். தென்னிந்தியாவையும் ஸ்காட்லாந்தையும் பிரிப்பது அவற்றுக்குச் சுலபம். உங்கள் கேள்வி இரண்டாவது வகை என்பதால் நம்பிக்கையோடு பேசலாம்.

ஒரு சந்தேகத்தை மட்டும் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஹைதராபாத் சிசிஎம்பி (உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையம்) ஆய்வாளர்களும் ஹார்வர்டு ஆய்வாளர்களும் சேர்ந்து 2009இல் வெளியிட்ட ஆய்வின்படி, இன்றைய இந்தியர்களில் பெரும்பாலோர் இரண்டு பழங்கால மக்கள் கூட்டங்களின் கலப்பு. அதில் ஒரு கூட்டம் மேற்காசிய, ஐரோப்பிய மக்களுக்கு மரபணு அளவில் நெருக்கமானது. அந்தக் கலப்பு ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது என்று 2013இல் வந்த தொடர் ஆய்வு கணக்கிட்டது. அந்தப் பழைய சமாச்சாரத்தைச் சில நேரம் கம்பெனிக் கணினி "ஐரோப்பா 1 சதவீதம்" என்று தூவிவிடும். ஏற்காட்டுப் பக்கமே போகாத குடும்பங்களுக்கும் அப்படி வரும்.

இரண்டையும் எப்படிப் பிரிப்பது? மகனிடம் சொல்லி, குரோமோசோம்களை வண்ணம் போட்டுக் காட்டும் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். ஐரோப்பா என்று காட்டிய நிறம் இரண்டு மூன்று இடங்களில் நீளநீளமாக, பட்டை மாதிரி இருந்தால் அது சமீபத்திய முன்னோர் கொடுத்தது. கடுகு தாளித்த மாதிரி அங்கங்கே பொடிப்பொடியாகச் சிதறியிருந்தால் அது பழைய கலப்பின் எச்சம், விட்டுவிடலாம். ஒவ்வொரு தலைமுறையிலும் குரோமோசோம்கள் வெட்டி ஒட்டப்படுகின்றன. நாலு தலைமுறையில் நீளமான துண்டு தங்கும், நூறு தலைமுறையில் தங்காது. அதுதான் காரணம்.

பட்டை பட்டையாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். அந்த ஆஸ்திரேலியர் இருக்கிறாரே. சென்டிமார்கன் என்பது இரண்டு பேருக்கும் பொதுவான டிஎன்ஏ எவ்வளவு என்று சொல்கிற அளவு. 41 சென்டிமார்கன் தற்செயலாக வருகிற அளவில்லை. நம் ஊர் ஆட்கள் இரண்டு பேருக்கு நடுவில் 41 வந்திருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பேன். தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே கொடுத்து எடுத்ததில், தூரத்து உறவுகூட எண்ணில் கிட்டத்து உறவாகத் தெரியும். ஆஸ்திரேலியர் வெள்ளைக்காரர் என்றால் அந்தக் குழப்பம் இல்லை. துரைக்குச் சீமையிலோ வேறெங்கோ முறைப்படி ஒரு பிள்ளை இருந்து, அந்தப் பிள்ளையின் கொள்ளுப்பேரன் இவர் என்றால், உங்கள் மகனுக்கும் அவருக்கும் சராசரியாக 48 சென்டிமார்கன் இருக்கும். 41 அதற்குள் பொருந்துகிறது. துரையின் அண்ணன் தம்பி வழியில் வந்தவராகவும் இருக்கலாம். எண்ணை மட்டும் வைத்து முறை சொல்ல முடியாது. கணினி "மூன்றாம் கசின்" என்று போட்டால் அதைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம்.

இப்போது அம்மாவுக்குச் செய்யலாமா என்பது. அறிவியலாகக் கேட்டால், செய்ய வேண்டிய ஆள் முதலிலேயே அவர்தான், மகன் அல்ல. வயதில் மூத்தவரைச் சோதித்தால் இரண்டு தலைமுறைக் கலைப்பு மிச்சம். இன்னொரு வலுவான காரணமும் உண்டு. மகனின் 4 இரண்டு கதைகளுக்கும் பொருந்துகிறது. துரை முழு வெள்ளைக்காரர் என்றால் மகனுக்கு எதிர்பார்ப்பது 6¼. அந்த "துரை" ஆங்கிலோ இந்தியராக இருந்து, எஸ்டேட்டில் மேனேஜராகவோ ரைட்டராகவோ இருந்திருந்தால் எதிர்பார்ப்பது 3 சொச்சம். 4 என்பது நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்க்கிறது. லயனில் இருக்கிறவர்களுக்கு பூட்ஸ் போட்டுக் குதிரையில் வந்தவரெல்லாம் துரைதான். அம்மாவுக்கு 25ஐ ஒட்டி வந்தால் முதல் கதை, 12ஐ ஒட்டி வந்தால் இரண்டாவது. அவ்வளவு இடைவெளி இருப்பதால் அங்கே குழப்பம் குறைவு.

அம்மா சம்மதித்தால், ஒரு நடைமுறை விஷயம். குழாயில் கோடு போட்ட அளவுக்கு எச்சில் நிரம்ப வேண்டும், நுரை கணக்கில் வராது. 79 வயதில் வாய் வறண்டிருக்கும். சர்க்கரை இருந்தாலோ, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட்டாலோ இன்னும் வறளலாம். கால் மணி நேரம் துப்பிவிட்டு, "நுரைதான் வருது" என்று குழாயைத் தூக்கிப்போட்ட ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். காலையில் எழுந்ததும், பல் தேய்க்கும் முன், காபிக்கு முன் உட்கார வையுங்கள். வெற்றிலை போடுகிறவர் என்றால் முந்தின இரவே வாயைக் கொப்பளித்துவிட்டு நிறுத்தச் சொல்லுங்கள். கன்னத்தை வெளியிலிருந்து மெதுவாக நீவிவிடலாம். அதுவும் பலிக்கவில்லை என்றால் எதிரில் ஒரு மாங்காயை வெட்டி உப்பு, மிளகாய்த்தூள் தடவி வையுங்கள். சாப்பிடக் கூடாது, பார்த்தால் போதும்.

ஆனால் சம்மதம் என்பது "சரி, நீ சொன்னா செய்றேன்" என்பதாக இருக்கக் கூடாது. என்னென்ன வரலாம் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். வீட்டில் சொன்னது உண்மை என்று வரலாம். சொன்ன ஆள் வேறு, நடந்தது வேறு என்று வரலாம். இத்தனை வருடம் ஒளித்துப் பேசியதற்கு ஒன்றுமே இல்லை என்றும் வரலாம். சிலருக்கு அதுதான் பெரிய ஏமாற்றம். தெரிய வேண்டாம் என்று அம்மா சொன்னால் அத்தோடு விடுங்கள். உங்களுடைய எச்சிலையே கொடுக்கலாம். 12½ என்ற எதிர்பார்ப்பும் பயன்படக்கூடியதுதான்.

மாமாவைப் பழைய ஆள் என்று ஒதுக்காதீர்கள். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கூடப் பிறந்த அக்காள் சோதனை செய்துகொண்டால், மாமாவுடைய மரபணுவிலும் ஏறக்குறைய பாதி, அவரைக் கேட்காமலே வெளியில் போகிறது. அப்புறம், பூனைக்கண் அம்மாவுக்குப் பிறந்த பையனை அந்தக் காலத்துப் பள்ளிக்கூடத்தில் என்ன பெயர் வைத்துக் கூப்பிட்டிருப்பார்கள்? தனியாக இருக்கும்போது கேட்டுப் பாருங்கள். உங்களுக்கு இது ஒரு சுவாரசியமான கிளைக்கதை. அவருக்கு அடிபட்ட இடமாக இருக்கலாம்.

தகவல் பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாக. இந்தத் தொழிலின் பெரிய கம்பெனிகளில் ஒன்றான டுவென்டித்ரீ அண்ட் மீயிலிருந்து 2023இல் சுமார் 69 லட்சம் பேரின் தகவல் திருடுபோனது. 2025 மார்ச்சில் அது திவால் மனுவும் போட்டது. கம்பெனி கைமாறினால் எச்சில் தகவலும் சேர்ந்தேதான் கைமாறும். அம்மாவின் கணக்கை உண்மைப் பெயரில் திறக்க வேண்டியதில்லை. ஆராய்ச்சிக்குத் தர ஒப்புதல் கேட்கும் கட்டத்தில் வேண்டாம் என்று போடலாம். வேலை முடிந்ததும் மாதிரியை அழிக்கச் சொல்லி, தகவலையும் நீக்கச் சொல்லலாம். மகனுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும். நினைவுபடுத்துங்கள், போதும்.

ஆஸ்திரேலியருக்கு எழுதுவதானால் மகன் அவசரப்பட வேண்டாம். "உங்கள் முன்னோர் ஒருவர் எங்கள் கொள்ளுப் பாட்டிக்கு அப்பா" என்று ஆரம்பித்தால் பதில் வராது. இந்தக் கதை அங்கேயும் ஒரு வீட்டில் இடிதான். "உங்கள் குடும்பத்தில் யாராவது சென்னை மாகாணத்தில், சேர்வராயன் மலைப் பக்கம் இருந்ததுண்டா?" என்று ஒரே ஒரு வரி கேட்டால் போதும். அம்மாவின் பெயரோ வயதோ அதில் வேண்டாம்.

துரையைக் கண்டுபிடிப்பது ஒப்பீட்டளவில் சுலபம். இதை நான் கொஞ்சம் கசப்போடுதான் சொல்கிறேன். 1820களில் கலெக்டர் காக்பர்ன் ஏற்காட்டில் காபி வைத்த காலம் தொட்டு வெள்ளைக்காரர்களுக்குக் காகிதம் இருக்கிறது. சென்னை மாகாணத்து ஆங்கிலத் தேவாலயங்களில் நடந்த ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து லண்டனுக்கு அனுப்பினார்கள். அவை இன்று பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கின்றன. ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்தில் பணம் கட்டிப் பார்க்கலாம். பிரிட்டிஷ் இந்தியாவில் வாழ்ந்த குடும்பங்களைத் தேட உதவும் ஃபிபிஸ் என்ற சங்கத்தின் தளத்தில் இலவசமாகவும் தேடலாம். எஸ்டேட் பெயர் தெரிந்தால் அந்தக் காலத்துத் தாக்கர் டைரக்டரியில் 1921, 1922இல் முதலாளி யார், மேனேஜர் யார் என்று பாருங்கள். இதற்கு மேல், பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் இந்தச் சோதனை செய்துகொண்டவர்கள் ஏராளம். அதனால்தான் உங்கள் மகனின் நூறு பங்கில் வெறும் 4 பங்குக்கு உடனே ஒரு உறவுக்காரர் கிடைத்தார்.

மீதி 96க்கு? அந்தப் பக்கத்தில் யாரும் எச்சில் கொடுத்திருக்க மாட்டார்கள். மேட்டூரிலோ வாழப்பாடியிலோ மலை மேலேயோ இருக்கிற அம்மாயியின் அம்மா வழிச் சொந்தம் இந்தக் கம்பெனிகளின் கணக்கில் இல்லை. சோதனை பார்க்கத் தெரிந்தது ஏற்கனவே காகிதத்தில் இருந்தவர்களைத்தான்.

இப்போது அந்த வெற்று வட்டம். அவரைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். மகனின் அறிக்கையில் அவர் இருக்கிறார். எம்2 என்று போட்டிருக்கிறதே, அது அவர்தான். மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ என்று 16,569 எழுத்துகள் கொண்ட ஒரு சின்ன வளையம், தாயிடமிருந்து மட்டுமே வருவது. துரையின் கலப்பு அதில் துளியும் சேராது. காபிப் பழம் பறித்த அந்தப் பெண்ணிடமிருந்து அம்மாயிக்கு, அம்மாயியிடமிருந்து உங்கள் அம்மாவுக்கு, அம்மாவிடமிருந்து உங்களுக்கு, உங்களிடமிருந்து மகனுக்கு. பாதியாகவில்லை, கலையவில்லை, அப்படியே வந்திருக்கிறது. துரையின் பங்கு 4ஆகக் கரைந்த இடத்தில் அவருடைய இந்தச் சின்ன வளையம் முழுசாக இருக்கிறது. மகனோடு அது நின்றுவிடும். ஆண் அதைக் கடத்துவதில்லை. உங்களுக்கு மகள் இருந்தாலோ, கூடப் பிறந்த சகோதரிக்கு மகள் இருந்தாலோ போய்க்கொண்டிருக்கும்.

எம்2 என்றால் என்ன தெரியும்? இந்தியத் துணைக்கண்டத்தின் மிகப் பழைய தாய்வழிகளில் ஒன்று. பல்லாயிரம் ஆண்டுகளாக இங்கேயே இருந்தது. தெற்கிலும் பழங்குடி மக்களிடமும் அதிகம் பார்ப்பது. அவ்வளவுதான். ஊர் தெரியாது. சாதி தெரியாது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதாக விளம்பரம் செய்கிற யாரிடமும் பணம் கட்டாதீர்கள். ஒரே எம்2 பல சாதிகளில் இருக்கும், ஒரே சாதிக்குள் பல வழிகள் இருக்கும். சாதிச் சான்றிதழுக்கும் இது உதவாது. தாசில்தார் குரோமோசோம் பார்ப்பதில்லை.

மலையாளி இனத்தவராக இருந்திருப்பாரோ என்ற எண்ணம் உங்கள் கடிதத்தின் வரிகளுக்கு நடுவில் தெரிந்தது. இருக்கலாம். (வெளியூர் வாசகர்களுக்கு: சேர்வராயன் மலையின் மலையாளிகள் கேரளத்துக்காரர்கள் அல்லர், மலைவாழ் தமிழர்கள்.) அவர்களுடைய கதைப்படி அவர்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகளின் வழி, மூத்தவர் சேர்வராயன் மலைக்கு வந்தார், மற்றவர்கள் வேறு மலைகளுக்குப் போனார்கள். அதே எஸ்டேட்டுகளில் மேஸ்திரிகள் கீழேயிருந்து கூட்டி வந்த ஆட்களும் வேலை பார்த்தார்கள். அவர் எந்தப் பக்கம் என்பதற்கு ஆய்வகத்தைவிட உங்கள் அம்மாவின் ஞாபகம் நல்ல சாட்சி.

அதனால் குழாய் வருவதற்கு முன்னால் அம்மாவை ஏற்காட்டுக்குக் கூட்டிப் போங்கள். இருபது கொண்டை ஊசி வளைவு, முன் சீட்டில் உட்கார வையுங்கள். போனில் ரெக்கார்டரை ஓட விட்டு மடியில் வையுங்கள். "பாட்டி பேர் என்ன" என்று கேட்டால் தெரியாது என்றுதான் வரும். சுற்றி வளைத்துக் கேளுங்கள். அம்மாயிக்கு முதல் முடி எங்கே எடுத்தார்களாம்? சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மே மாதம் மேலே போவாரா, அல்லது வேறு ஏதாவது சாமிக்கு வீட்டுக்குத் தெரியாமல் காசு முடிந்து வைத்தாரா? சாவு வீட்டில் ஒப்பாரி வைக்கும்போது யார் பெயரைச் சொல்லி அழுவார்? களி கிண்டினாரா, சாமைச் சோறா? வேறு யாரும் சொல்லாத ஏதாவது ஒரு வார்த்தை சொல்வாரா? பதில் தப்பு என்று தோன்றினாலும் திருத்தாதீர்கள். எஸ்டேட் இன்னும் நடந்தால் ஆபீஸில் பழைய செக்ரோல் கிடக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் செல்லரித்திருக்கும், ஆனாலும் கேளுங்கள். யார் எத்தனை நாள் பழம் பறித்தார்கள் என்று பேர் போட்டு எழுதிய புத்தகம் அது ஒன்றுதான்.

இன்னொன்று. கடிதத்தில் ஓரிடத்தில் "அந்தக் காலத்துக் காதல் கதை" என்று எழுதி, அடித்துவிட்டிருக்கிறீர்கள். அடித்தது நல்லது. 1921இல் எஸ்டேட் துரைக்கும் லயனில் இருந்த ஒரு பெண்ணுக்கும் நடுவில் நடந்தது காதலா, கட்டாயமா, இரண்டும் இல்லாத வேறொரு ஏற்பாடா என்பதை எந்த எச்சிலும் சொல்லாது. படத்தில் நான் வைத்த புள்ளிக்கோட்டை அப்படியே விட்டுவிடலாம்.

அந்தத் தாளை இந்தப் பதிலோடு உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். பென்சிலில்தான் போட்டிருக்கிறேன். மலையிலிருந்து இறங்கி வந்ததும் அந்த வட்டத்துக்குள் ஏதாவது எழுத முடிந்தால், பாதிப் பெயராக இருந்தாலும் சரி, எழுதி ஒரு நகல் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.